நிறுத்துவது வேறு, நிறுத்தி வைப்பது வேறு

போன வாரம் நம் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில், புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பி ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். பழைய லாரி, பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்கையே வைத்துக்கொள்வதா, டிஸ்க்குக்கு மாற்றுவதா? அரை மணி நேரத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. டிஸ்க் கட்சிக்காரர்கள் மற்றவர்களைக் கிழடு என்றார்கள். டிரம் கட்சிக்காரர்கள் இவர்களைப் பொடியன்கள் என்றார்கள். வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது, எவ்வளவு பாரம் ஏற்றுகிறார்கள், எந்தச் சாய்வில் நிற்கும் என்று ஒருவர்கூட அந்தத் தம்பியிடம் கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் கோபப்பட்டு என்ன பயன்? எனக்குத் தெரிந்ததை நான் சொல்லாமல் இருந்தால் அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பிரேக் வேலை செய்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

மூணாறு பக்கத்துப் பள்ளிவாசல் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து வருஷம் நான்தான் மேஸ்திரி. தோட்டத்தில் ஒரு பழைய லாரி இருந்தது. மேல் டிவிஷன் என்கிற மேட்டுப் பகுதியில் பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஃபாக்டரிக்கு இறங்குவதுதான் அதன் வேலை. அதை ஓட்டியவர் அந்தோணி. ஐம்பதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேச மாட்டார். மாதா கோயிலில் பாட்டு எடுக்கும்போதுதான் அவருக்கு அப்படியொரு குரல் இருப்பதே தெரியும்.

ஒரு கோடை மழைக் காலத்து மத்தியானம், முழுப் பாரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தபோது அந்தோணியின் காலடியில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. அடுத்த வளைவுக்கு அப்பால் பள்ளம். அவர் வண்டியின் இடப்பக்கத்தை மண் திட்டோடு உரசி உரசியே நிறுத்தினார். பக்கப் பலகை பெயர்ந்தது, கண்ணாடி உடைந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் நடந்தே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "மேஸ்திரி, பெடல் கீழ போயிட்டு" என்றார்.

பின் சக்கரங்களைக் கழற்றினேன். டிரம்மின் உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்து, மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. தொட்டுப் பார்த்தாலே தெரிந்தது, தகடு போல மெலிந்திருக்கிறது. டிரம்மை லேத்தில் எவ்வளவு வரை கடையலாம் என்று அதன் மேலேயே அடித்திருப்பார்கள். அதற்கு மேல் கடைந்தால் தூக்கிப் போட வேண்டும். இந்த டிரம்கள் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டன. தாண்ட வைத்தது யார்? நான்தான். புது டிரம் வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டேன். மூன்று தடவையும் "இன்னொரு முறை கடைசல் பிடித்துப் போடவும்" என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது. மூன்றாவது தடவை நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே கடைந்து போட்டேன். முணுமுணுத்தால் பொறுப்பு கழிந்துவிடும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

மறுநாள் சின்னத் தொரை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். துணை மேனேஜரைத் தோட்டத்தில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். கழற்றிப் போட்டிருந்த டிரம்மை ஷூ முனையால் தட்டினார்.

"மேஸ்திரி, இதெல்லாம் ஓல்ட் டெக்னாலஜி. இப்ப யார் டிரம் போடறாங்க? பின்னாடியும் டிஸ்க் போட்டுடலாம்."

"சார், டிரம்முல குத்தம் இல்ல. இது மெலிஞ்சு போன டிரம். புதுசு போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"பாதுகாப்பு விஷயத்துல நான் சமரசம் பண்ண மாட்டேன்" என்றார் அவர். போகிற போக்கில், "அந்தோணிக்கும் வயசாயிடுச்சு, பிரேக்கைப் போட்டு மிதிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. புது டிரம் கேட்டபோது கொடுக்காதவர்கள், அதைவிடப் பெரிய வேலையைப் பாதுகாப்பு என்ற பேரில் செய்யச் சொல்கிறார்கள். கூடவே, வண்டியைப் பள்ளத்தில் விடாமல் காப்பாற்றிய மனிதர்மேல் ஒரு கறையும் பூசிவிட்டார்கள்.

லாரிக்குத் தற்காலிகமாக ஒரு ஜோடி டிரம் தேடிப் போட்டுக்கொண்டு, நானும் அந்தோணியும் மறையூர் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டிஸ்க் மாட்ட ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் வேலுச்சாமி டிராக்டர், லாரி ஆக்ஸில் வேலையில் கெட்டிக்காரர். ஆபீஸ் வாங்கி அனுப்பிய டிஸ்க் கிட் எங்களுக்கு முன்பே அங்கே வந்து இறங்கியிருந்தது. அவர் அதைப் பிரித்து, ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து சேருகிற இடத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, போட்டுப்போடலாமுங்க. ஓடற வண்டிய நிறுத்தறதுக்கு இது நல்லாத்தான் இருக்கும். நிறுத்தி வெக்கறதுக்குத்தான் எனக்கு மனசு ஒப்பலீங்க."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"டிரம்மு சூட்டுல விரியும். சூட்டோட நிறுத்தி ஹேண்ட் பிரேக் இழுத்தீங்கன்னா, ஆற ஆறச் சுருங்கி உள்ள இருக்கற பிரேக் ஷூவை இன்னும் இறுக்கிக்கும். டிஸ்க்கு அதுக்கு நேர் எதிருங்க. சூட்டுல தடிச்சிருக்கும். ஆறுனா மெலியும். கேபிளு இழுத்த எடத்துலயே நிக்கும், பிடி தளந்துபோகும். கம்பெனியிலயே டிஸ்க்கு போட்டு வர்ற வண்டில அதுக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. இந்தக் கிட்டுல ஒண்ணையும் காணோமுங்க."

"இங்கேயே நிறுத்திப் பார்த்துடலாமா?"

அவர் சிரித்தார். "நம்மூர்ல மேடே கெடையாதுங்களே. தென்னந்தோப்புக்குள்ள நிறுத்திப் பாத்து என்னத்தத் தெரியும்? உங்க தொரைகிட்ட ஒருக்கா பேசிப்போடுங்க."

பேசினேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் சின்னத் தொரை, "அவர் ஃபிட்டரா, இன்ஜினியரா?" என்று கேட்டார். "மாட்டச் சொல்லுங்க மேஸ்திரி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டார். வேலுச்சாமி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, நானும் அந்தோணியும் லாரியில் மணல் மூட்டை அடுக்கி, மேல் டிவிஷனிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தோம். ஓட்டத்தில் பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. அந்தோணிக்கே சந்தோஷம். கொழுந்தை எடை போடும் கொட்டகைக்குப் போகிற சாய்வில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினோம். வண்டி அசையவில்லை. பீடி பற்றவைத்தோம். வீட்டுக் கதை பேசினோம். முக்கால் மணி நேரம் இருக்கும், யாரும் தொடாமலே வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. நின்றது. மறுபடி ஒரு முழம். அந்தோணி பாய்ந்து ஏறிப் பெடலை மிதித்தார்.

திங்கட்கிழமை காலையிலேயே ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். சூட்டோடு நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் தாங்கவில்லை, இந்த வண்டியைச் சாய்வில் நிறுத்தி ஆட்களை வைத்துப் பாரம் ஏற்றக் கூடாது என்று தெளிவாக எழுதினேன். இரண்டு நாள் கழித்து வாய்வார்த்தையாகப் பதில் வந்தது. "சக்கரத்துக்குக் கல் போட்டுக்கச் சொல்லுங்க." அந்தோணியிடம் சொன்னேன். அவர் அன்றிலிருந்து இரண்டு பெரிய கற்களைக் கேபினிலேயே வைத்துக்கொண்டார். ஒரு நாளும் மறந்ததில்லை. கல் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே!

ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டது. எடைக் கொட்டகை சாலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். சூட்டோடு இறங்கி வரும் லாரி, பின்பக்கமாகச் சாய்வில் இறங்கிக் கொட்டகைச் சுவருக்கு முன்னால் நிற்கும். சுவருக்கும் லாரிக்கும் நடுவே நின்றுதான் பெண்கள் கொழுந்துச் சாக்குகளை மேலே தள்ளுவார்கள். வண்டியின் ஸ்டார்ட்டர் பலவீனம். அணைத்தால் மறுபடி எடுக்காது என்பதால், எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை நம்பித்தான் வருஷக்கணக்காக நிறுத்தி வந்தோம். பழைய டிரம் இருந்தவரை அது ஒரு நாளும் மோசம் செய்ததில்லை. ஸ்டார்ட்டர் விஷயமும் ஆபீசுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்கு அந்தோணி கல் போட்டிருந்தார். மழையில் ஊறிய மண்ணில் கல் அமுங்கிவிட்டது. எடை போட்டு, பாதிச் சாக்குகள் ஏறியிருந்த நேரத்தில் வண்டி பின்னால் வந்தது. நேசமணி என்ற பெண்மணி அதை முதலில் பார்த்திருக்கிறார். இருபத்தைந்து வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஜெபக் கூட்டம் நடந்தால் வேதாகமம் வாசிப்பவர் அவர்தான். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார். அவர் வெளியே வர நேரம் இல்லை.

சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது அந்தோணி வண்டியை முன்னால் எடுத்திருந்தார். நேசமணி சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "கால் எனக்கு இருக்குதா பாருங்க" என்று மட்டும் கேட்டார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்திருந்தன. ஜீப்பில் மூணாறுக்கும், அங்கிருந்து தேனிக்கும் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை அந்தோணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மத்தியானம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது. 'விபத்து நடந்த அன்று ஹேண்ட் பிரேக் நல்ல நிலையில் இருந்தது. ஓட்டுநர் அதை முழுமையாக இழுக்கவில்லை.' கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம்.

"சார், நான் எழுதிக் கொடுத்த கடிதம் எங்கே?"

"எந்தக் கடிதம்?" என்றார் சின்னத் தொரை.

தம்பிகளே, அந்த ஒரு நிமிஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஃபைலை அணைத்துக்கொண்டு ஓரமாக நின்ற கிளார்க்குக்கும் தெரியும். என்னிடம் நகல் இல்லை. நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று முப்பது வருஷத்தில் தோன்றவே இல்லை. ஓய்வு பெற ஆறு மாதம்தான் பாக்கி. அதையும் அவர் ஞாபகப்படுத்தினார். "நல்லபடியா ரிட்டயர் ஆகணும் மேஸ்திரி" என்று கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுதான் என்னை உசுப்பிவிட்டது. மிரட்டியிருந்தால் ஒருவேளை பயந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"இன்ஸ்பெக்டர் வரட்டும் சார். அவர் முன்னால வண்டியை ஓட்டிக் காட்டறேன். அதுக்கப்புறம் எங்கே கையெழுத்துப் போடணுமோ போடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

போக்குவரத்து இன்ஸ்பெக்டர் மூன்றாம் நாள் வந்தார். மலையாளி. தமிழ் நன்றாகவே பேசினார். லாரியில் அதே அளவு பாரம் ஏற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மேல் டிவிஷனிலிருந்து நானே ஓட்டி இறக்கினேன். அதே சாய்வில், அதே இடத்தில், நியூட்ரலில் நிறுத்தி, இன்ஸ்பெக்டரையே ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னேன். வண்டிக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிக் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, யாரையும் அந்தப் பக்கம் போக விடாமல் கயிறு கட்டினேன்.

வண்டி மலை மாதிரி நின்றது. சின்னத் தொரை முன்னால் போய் பம்பரில் கைவைத்துத் தள்ளியே பார்த்தார்.

"கொள்ளாமல்லோ மேஸ்திரி. நல்லாத்தானே பிடிக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கொஞ்சம் இருங்க சார்."

"எவ்வளவு நேரம்?"

"அன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னுதோ, அவ்வளவு நேரம்."

டீ வந்தது. சின்னத் தொரை இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கூட வந்திருந்த பெரிய தொரைக்கு, அதாவது மேனேஜருக்கு, ஏதோ போன் வந்து நடந்துகொண்டே பேசினார். கூடி நின்ற தொழிலாளிகள் கயிற்றோரமாக நெருங்கி வந்தார்கள். அரை மணி நேரம் போயிற்று. அன்றைக்கு மழை இல்லை, வெயில் அடித்தது, டிஸ்க் ஆறுவதற்கு நேரமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை நகரவே நகராவிட்டால்? அந்தோணியின் பிழைப்பை நானே முடித்துவைத்தவன் ஆவேன். இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"சரி மேஸ்திரி, எனக்கு வேற ஜோலி உண்டு."

"பத்து நிமிஷம் சார். உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

அவர் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. அந்தப் பத்து நிமிஷம் முடிவதற்குள் எங்கோ உள்ளே ஒரு சின்ன முனகல் கேட்டது. லாரி நகர்ந்தது. யாரும் தொடவில்லை. ஒரு சாண், பிறகு நிற்காமல் கடகடவென்று வந்து மரக்கட்டையில் மோதியது. கூட்டத்தில் ஒரு பெண் அலறிவிட்டாள். இன்ஸ்பெக்டர் கேபினில் ஏறிப் பார்த்தார். அவர் இழுத்த லீவர் இழுத்த இடத்திலேயே இருந்தது.

அவர் கீழே இறங்கி, சின்னத் தொரையைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "இந்த மாற்றத்துக்கு எங்க ஆபீஸ்ல சம்மதம் வாங்கினீங்களா?" வாங்கவில்லை. வண்டியை அங்கேயே முடக்கிவிட்டுப் போனார்.

அந்தோணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் மறுபடி சேரச் சொன்ன கடிதத்தை வாங்கிய அந்தோணி ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். இப்போது ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். தோட்டத்து அறிக்கையில் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதினார்கள். இயந்திரம் என்ன முடிவு எடுத்தது? அதுவா புது டிரம் வேண்டாம் என்றது? அதுவா கடிதத்தைக் காணாமல் ஆக்கியது? டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி டிரம் போடச் சொன்னார்கள். நான் மூன்று தடவை கெஞ்சியும் வராத புது டிரம்கள், ஒரே வாரத்தில் பெட்டியோடு வந்து இறங்கின. அவற்றைப் பிரிக்கும்போது எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. சின்னத் தொரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு. அவர் நேசமணியைப் போய்ப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். டிஸ்க்கோடு எனக்குப் பகை கிடையாது. மழைத் தண்ணீரை அது சீக்கிரம் உதறிவிடும், சூட்டைத் தாங்கும், இறக்கத்தில் பெடல் தாழாது. ஆனால் பழைய வண்டியின் பின் ஆக்ஸில் டிரம்முக்காகச் செய்தது. சரியான கனமுள்ள டிரம், நல்ல லைனிங், ஒழுங்கான அட்ஜஸ்ட்மென்ட், இறக்கத்தில் சின்ன கியர், இவை இருந்தால் அது போதும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஹேண்ட் பிரேக்குக்கு என்ன ஏற்பாடு என்று கேள். போக்குவரத்து ஆபீசின் சம்மதத்தைக் காகிதத்தில் வாங்கு. சூட்டோடு சாய்வில் நிறுத்தி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார். பதில் சரியில்லை என்றால் ஸ்பானரைக் கையில் எடுக்காதே. அளவைத் தாண்டிய டிரம்மை யார் சொன்னாலும் கடையாதே.

இவ்வளவையும் எழுதுகிறவன் யோக்கியன் என்று நினைத்துவிடாதீர்கள். சோதனை நடந்த மறு வாரம் நான் தேனிக்குப் போனேன். நேசமணி காலில் கம்பி மாட்டிப் படுத்திருந்தார். அந்தோணிமேல் தப்பில்லை என்று நிரூபித்துவிட்டதை, கொஞ்சம் பெருமையோடுதான், விவரமாகச் சொன்னேன். ஆபீசுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ வண்டி உருளும்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு, இல்லையா அண்ணாச்சி?"

"தெரியும்மா. அதனாலதான் எழுதிக் கொடுத்தேன்."

"ஆபீசுக்குக் குடுத்திய, சரி. ஆபீஸா வண்டிக்குப் பின்னால நின்னு சாக்கு தூக்குது?" அவர் என் பக்கம் திரும்பினார். "தெனமும் ஒங்க ஒர்க்‌ஷாப் வாசல் வழியாத்தான நாங்க வேலைக்குப் போறோம். எங்கள்ல ஒருத்திகிட்ட, பின்னால நிக்காதீய தாயின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா?"

கொண்டுபோயிருந்த ஆரஞ்சுப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, மூணாறு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிக் கிளம்பி வந்தேன்.